மறதிக்கு வயது மட்டுமா காரணம்?

சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருடம் மளிகை வியாபாரம் செய்த பெரியவர் அவர். கணக்கில் புலி. ஒருநாள் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் திரும்பியவருக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை. "வயசாச்சு, மறதி இருக்கத்தானே செய்யும்" என்றார்கள் வீட்டில். நம் வீடுகளிலும் இதையேதான் சொல்கிறோம். மூளைக்குள் நடப்பதோ வேறு கதை.

நம் இரத்தத்தில் 'காம்ப்ளிமென்ட்' என்றொரு புரதக் கூட்டம் உண்டு. இதை ஆராய்ந்த பெல்ஜிய விஞ்ஞானி ஜூல்ஸ் போர்டே 1919-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். வெட்ட வேண்டிய மரத்துக்கு வனத்துறையார் எண் போடுவார்களே, அதுபோல இப்புரதங்கள் கிருமிகளின் மேல் ஒட்டி அடையாளமிடும். அடையாளத்தைக் கண்டு வரும் அணுக்கள் கிருமியை விழுங்கிவிடும்.

இதே புரதங்களுக்கு மூளையிலும் வேலை இருப்பதை அமெரிக்காவில் பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரெஸ் குழுவினர் 2007-இல் காட்டினர். பிறந்த குழந்தையின் மூளையில் நரம்பணு இணைப்புகள் தேவைக்கு மேல் இருக்கும். வேண்டாதவற்றில் சி1க்யூ, சி3 என்ற புரதங்கள் ஒட்ட, மைக்ரோகிளியா என்ற துப்புரவு அணுக்கள் அவற்றைத் தின்றுவிடும். நல்ல காரியம்தான். ஆனால் முதுமையில் சி1க்யூ மூளையில் சில இடங்களில் 300 மடங்கு வரை பெருகுவதாக 2013-இல் பாரெஸ் குழு கண்டது. அல்சைமர் நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில், மூளையில் படிவுகள் சேரும் முன்பே நல்ல இணைப்புகளும் தின்னப்படுவதை 2016-இல் ஸ்டீவன்ஸ் குழு காட்டியது. புரதத்தைத் தடுத்தபோது இணைப்புகள் தப்பின.

எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலிப்பதில்லை. இவ்வழியில் அல்சைமருக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் இல்லை. ஆனால் கண் இமை தொங்கித் தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்கு, காம்ப்ளிமென்டைத் தடுக்கும் எக்குலிசுமாப் மருந்தை அமெரிக்கா 2017-இல் அனுமதித்தது. விலைதான் மலைக்க வைக்கும்!

நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர் பி. எஸ். மதுரநாத் குழுவினர் திருவனந்தபுரத்தில் 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 55 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு 1000 பேரில் ஏறத்தாழ 12 பேருக்கு அல்சைமர் புதிதாக வருகிறது. 65-க்கு மேல் இது இன்னும் அதிகம்.

கேம்பிரிட்ஜில் 2000-இல் ஆடன்புரூக்ஸ் நினைவுச் சோதனையை வகுத்தவர்களில் மதுரநாத்தும் ஒருவர். பின்னர் அதை மலையாளத்துக்கு ஏற்பவும் அமைத்தார். ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்வது அதில் ஒரு பகுதி. இங்கேதான் நமக்குச் சங்கடம். கடையில் சரளமாக மலையாளம் பேசுகிற நம் பெரியவர்கள் பள்ளியில் படித்தது தமிழ். ஆகவே சோதனைக்குப் போகும்போது தமிழ்தான் தாய்மொழி என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கூடச் செல்லட்டும். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மன அழுத்தம் ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

நம் மளிகைக்காரர் மலையாளத்தில் மூன்று சொல்லோடு நின்றுவிட்டார். மகள் "அப்பா, தமிழ்ல 'க'னாவில சொல்லுங்க" என்றதும் கடுகு, கசகசா, கற்கண்டு, கருப்பட்டி என்று கடையையே திறந்துவிட்டார். மறதி இருக்கிறது, ஆனால் ஆரம்ப நிலை என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.