ஈயம் வைப்பதும் ஈயம் எடுப்பதும்

1990 இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்து பற்றறிகள் கிடைக்காமற் போன காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் எமது மக்கள். டைனமோ தருவது ஆடலோட்ட மின். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்ட மின். இடையில் நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் இருந்தால் ஒன்றை மற்றதாக்கலாம். அவை கடையில் இல்லாவிட்டாலும் பழுதான பெட்டிகளுக்குள் இருந்தன. கழற்றத் தெரிந்தவனுக்கே அவை பயன்பட்டன.

இன்று பற்றறிக்குத் தடை இல்லை. ஆனால் சூரிய விளக்கு, தொலைபேசிச் சார்ஜர், பற்றறியில் இயங்கும் மருந்து தெளிகருவி என்பன சிறு பழுதுக்காகவே மூலையில் போடப்படுவதைப் பார்க்கிறோம். பெரும்பாலும் பழுதாவது ஓர் ஆளி, சார்ஜ் ஏற்றும் துளை, அல்லது தலை உப்பிய ஒரு கொள்ளளவி. காணியை இழந்து வந்த குடும்பத்துக்கு ஒரு தெளிகருவியைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. ஆகவே இத்தொழிலைப் பழக விரும்பும் பிள்ளைகளுக்காக இதனை எழுதுகிறோம். ஈயம் வைக்க ஒரு நாளில் பழகலாம். எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

கோலைச் சூடாக்குமுன் ஒரு கேள்வி: காப்பாற்றப் போவது தட்டையா, பாகத்தையா? தெளிகருவியின் தட்டுத்தான் வேண்டும், ஆளி பழுதென்றால், ஆளியின் கால்களை முதலில் வெட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இழுத்தால் தட்டு தப்பும். மாறாக, பழைய வானொலியிலிருந்து இருவாயி எடுப்பதென்றால் தட்டு கெட்டாலும் பரவாயில்லை. பாகம் கூடச் சூடாகக் கூடாது. காலைச் சிறு சாவணத்தால் பிடித்தால் சூட்டின் ஒரு பங்கைச் சாவணம் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் காப்பாற்ற நினைப்பவர் அநேகமாக இரண்டையும் கெடுப்பார்.

மலிவான மண்ணிறத் தட்டுக்களில் செப்புத் தடம் பசையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. கோலை அழுத்தி வைத்திருந்தால் தடம் தோல்போல உரிந்துவிடும். மூன்று நான்கு வினாடிக்குள் ஈயம் உருகாவிட்டால் கோலை எடுத்து, ஆறவிட்டு, மீண்டும் தொடுங்கள். உருகாததற்குக் காரணம் பெரும்பாலும் சூடு குறைவென்பதல்ல, பழைய ஈயம் காய்ந்திருப்பதே. அதன்மேல் சிறிது புதிய ஈயம் வையுங்கள். அதற்குள் இருக்கும் ரோசின் பழையதையும் இளக்கும். எடுப்பதற்காக வைப்பதா என்று சிலர் சிரிப்பார்கள், செய்து பார்த்தால் விளங்கும். 2006 இல் ஐரோப்பாவில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் செய்யப்பட்ட பெரும்பாலான தட்டுக்களில் ஈயமில்லாத பற்றாசே உள்ளது. பழைய வெள்ளீய-ஈயப் பற்றாசு 183 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். புதியது சுமார் 217 பாகை கேட்கும். அங்கே இந்த முறை இன்னும் கூடுதலாக உதவும்.

உருகிய ஈயத்தை உறிஞ்ச வில் வைத்த சிறு பம்பு கடைகளில் உண்டு. செப்புப் பின்னலும் விற்கிறார்கள், ஆனால் பழைய அன்ரெனா வயரின் உட்பின்னல் செம்பாக இருந்தால் அதை உருவி ரோசின் தடவினால் அதே வேலை செய்யும். தட்டைச் சூடாக்கி மேசை விளிம்பில் அடித்து ஈயத்தைச் சிந்தவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஈயம் சாரத்தில் விழுந்தால் துளை, கண்ணில் விழுந்தால் வாழ்நாள் இழப்பு.

இதைவிட மோசமானது, தட்டுக்களை விறகு நெருப்பில் போட்டுப் பாகங்களை உதிர்ப்பது. விரைவுதான். ஆனால் பிளாஸ்ரிக் புகை நஞ்சு. ஈயம் கலந்த சாம்பல் முற்றத்தில் கிடக்கும். கோழி அதைக் கிளறும், தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அது திரும்ப வராது. ஒரு கொட்டிலில் நான்கு குடும்பம் இருக்குமிடத்தில் இது ஒருவருடைய பிழைப்போடு நிற்கும் காரியமல்ல. கோலால் வேலை செய்யும்போது எழுவது பெரும்பாலும் ரோசின் புகை. அது தொய்வு உள்ளவர்களுக்கு ஆகாது, திறந்த இடத்தில் செய்யுங்கள். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

கோல் வாங்கும்போது பெரியது நல்லதென எண்ண வேண்டாம். தட்டு வேலைக்கு 25 முதல் 40 உவாற்று வரை போதும். 60 உவாற்று தடித்த வயருக்கு. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைத்தால், இரண்டு பேர் சேர்ந்தாவது அதையே வாங்குங்கள். வெறும் செப்பு முனையை அரத்தால் தீட்டலாம்; பூச்சுள்ள முனையைத் தீட்டினால் அது அன்றோடு முடிந்தது, ஈரப் பஞ்சில் துடைத்தாற் போதும். மின்சாரம் இல்லாத இடத்துக்கு 12 வோல்ற்றுக் கோல்கள் உண்டு. 30 உவாற்று என்றால் இரண்டரை அம்பியர் இழுக்கும், மோட்டார் சைக்கிள் பற்றறியை மறந்துபோய் வற்றவிடாதீர்கள். சிரட்டைக் கரியில் காய்ச்சும் செப்புக்கோல் வாளிக்கும் தகரத்துக்கும் உரியது. வாளி ஒட்டும் அமிலத் திரவத்தையும் தட்டில் பூசக் கூடாது. சில மாதத்தில் செம்பு பச்சை பிடித்து அரித்துவிடும்.

வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சார்ஜரையோ ரி.வி.யையோ திறக்குமுன், செருகியைக் கழற்றியது போதுமென்று இருந்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். சில ஆயிரம் ஓம் கொண்ட பெரிய தடையி ஒன்றைக் காப்பிட்ட சாவணத்தால் பிடித்து, அதன் இரு காலிலும் சில வினாடி வைத்திருந்து, மானியால் அளந்து பார்த்த பின்னரே கை வையுங்கள். அக்கொள்ளளவியை மாற்றுவதானால், கழற்றுமுன் அதன் மறைப் பக்கக் கோடு எந்தத் துளையை நோக்கியிருந்தது என்று தட்டிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.