மாத்திரை முடிந்தது, மூச்சு ஏன் வாங்குகிறது?

"ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை போட்டேன் தம்பி. சளியில கிருமி இல்லன்னு எழுதியும் குடுத்துட்டாங்க. அப்புறம் எதுக்கு இந்த இருமல்?"

கம்மாபுரம் டீக்கடை பெஞ்சில் அந்த அண்ணன் இதைக் கேட்டு முடிப்பதற்குள் நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "அப்ப திரும்ப டி.பி. வந்துருச்சு" என்றார். இன்னொருவர், மெடிக்கலில் கிடைக்கும் ஏதோ ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். இரண்டுமே அவசரப் பதில்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

காசநோயில் நுரையீரலுக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு கிருமி செய்வதல்ல, கிருமியை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் சண்டை செய்வது. கிருமியைச் சுற்றி வளைக்கும் வெள்ளணுக்கள் சில நொதிகளைச் சுரக்கின்றன. அவை நுரையீரலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நாரையே கரைத்து விடுகின்றன. அங்கே குழி விழுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். விழுந்த குழியை மூடாது. கிருமி செத்தவுடன் அழற்சியும் அடங்கிவிடுவதில்லை. தென்னாப்பிரிக்க நோயாளிகளைப் பெட் ஸ்கேனில் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடித்துக் குணமானவர்களில் பெரும்பாலோரின் நுரையீரலில் அழற்சி இன்னும் தெரிந்தது.

ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு சுருங்கும்போது பக்கத்து மூச்சுக் குழாய்களை இழுத்து விரித்துவிடும். விரிந்த குழாயில் சளி, தூர்ந்த வாய்க்காலில் தண்ணீர் நிற்பது போலத் தேங்கும். தேங்கிய சளியில் வேறு கிருமிகள் வளரும், மறுபடி அழற்சி, மறுபடி சேதம். அண்ணனின் இருமலுக்கு இது காரணமாக இருக்கலாம். சிலருக்குக் குழாய் குறுகி, ஆஸ்துமாக்காரர் போல இழுப்பு வரும். சிலருக்குப் பழைய குழிக்குள் பூஞ்சை உருண்டை கட்டி, சளியில் ரத்தம் வரும்.

இதை ஏன் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைத்தாலும் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959இல் உலகத்துக்கு நிரூபித்தது. அதன் பிறகுதான் உலகமெங்கும் வீட்டுச் சிகிச்சை பரவியது. ஆனால் அன்றிலிருந்து வெற்றியை அளந்தது சளியை வைத்து. கிருமி போனால் குணம். மூச்சை அளப்பது வழக்கமாகவில்லை. காசநோய்க்குப் பிந்தைய நுரையீரல் பாதிப்பு பற்றி முதல் சர்வதேசக் கருத்தரங்கு கூடியதே 2019இல்தான். இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? முதலில் நோய் திரும்பவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிவதை மட்டும் வைத்து மறுபடி டி.பி. மாத்திரை தொடங்கக் கூடாது. தழும்பும் நிழலாகத்தான் தெரியும். ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் சோதனைகள் செத்த கிருமியின் மரபணுவையும் காட்டிவிடும். ஆகவே முன்பு நோய் வந்தவருக்கு, உயிருள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை அவசியம். முடிவு வர ஆறு வாரம் வரை ஆகும், காத்திருக்கலாம். அடுத்தது ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் பலம் கொண்ட மட்டும் ஊதினால், குழாய் குறுகியிருக்கிறதா, நுரையீரலின் கொள்ளளவே குறைந்திருக்கிறதா என்பது தெரியும். குறுகியிருந்தால் குழாயை விரிக்கும் இன்ஹேலர் உதவும்.

டீக்கடையில் பெயர் சொன்ன மாத்திரை ஸ்டீராய்டு. போட்டதும் சுகமாக இருக்கும், பசி எடுக்கும். அதனாலேயே நம்பிவிடுகிறார்கள். தழும்பை அது கரைக்காது. சர்க்கரையை ஏற்றும், மிச்சமிருக்கும் கிருமியைக் கிளப்பி விடவும் கூடும். டாக்டர் காரணம் சொல்லி எழுதினால் ஒழிய வேண்டவே வேண்டாம். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கை நாமாக வாங்கிப் போடுவதும் அப்படித்தான்; திரும்பி வரும் காசநோயை மறைத்துவிடும்.

எளிதாகக் கிடைப்பதும் பலன் உள்ளதும் மூச்சுப் பயிற்சி. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறிது நேரம் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். பிறகு மூக்கால் ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, மெல்ல விட வேண்டும். மூன்று நான்கு தடவை இப்படி. கொஞ்சம் ஓய்வு. அப்புறம் வாயை நன்றாகத் திறந்து, தொண்டையை இறுக்காமல் 'ஹா' என்று காற்றைத் தள்ளினால் அடியில் கிடக்கும் சளி மேலே ஏறும். அப்போது இருமித் துப்பலாம். அண்ணன் அங்கேயே ஒருமுறை செய்து பார்த்தார். இரண்டாவது 'ஹா'வில் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. சளியில் ரத்தம் வருபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இதோடு தினமும் நடை, கைகால்களுக்குப் பயிற்சி, முட்டை, பயறு. பீடி அறவே கூடாது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். அவரிடம் கேட்டுப் பழகலாம். சுரங்க மண் புழுதியும் சாம்பலும் பறக்கும் கம்மாபுரம் போன்ற ஊரில், முந்திரி வறுக்கும் புகையிலும் விறகடுப்பிலும் நிற்பவர்கள், தழும்பேறிய நுரையீரலை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும். அழற்சியையே அடக்கும் மருந்துகளையும் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் 30 நோயாளிகளிடம் டாக்ஸிசைக்ளினைச் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருகிறது. ஆனால் அது ஆரம்பக் கட்டம்; கடையில் கேட்டு வாங்கும் நிலைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறிந்தவுடன் எடை, மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்றெல்லாம் 2022 முதல் பார்க்கிறது. மாத்திரை முடியும் நாளிலும் மூச்சை ஒருமுறை அளந்து அனுப்ப வேண்டும். அதைச் செய்யாமல் 'குணம்' என்று எழுதுவது பாதி வேலை. சிகிச்சை முடிந்த பிறகும் 6, 12, 18, 24ஆம் மாதங்களில் பரிசோதனை உண்டு என்று தேசியத் திட்டமே சொல்கிறது. கூப்பிடாவிட்டாலும் நீங்களே போய் நில்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை இறக்கம், சளியில் ரத்தம், கால் வீக்கம் இருந்தால் அந்த மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். போகும்போது சிகிச்சை முடிவில் எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். இன்றைய நிழல் புதிதா பழசா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம் வேண்டும்.