காவலறையிலும் நீதிமன்றத்திலும் மனநல ஆதரவு: கேமரன் மலையை முன்வைத்து ஒரு மொழிசார் நோக்கு

முன்னுரை

கைது செய்யப்பட்ட ஒருவரின் மனநிலை எப்போது, எவரால், எம்மொழியில் கண்டறியப்படுகின்றது என்பது அவருடைய வழக்கின் போக்கையும், சில வேளைகளில் உயிரையும் தீர்மானிக்கக்கூடியது. மலேசியச் சட்டம் இத்தகையோர்க்குச் சில பாதுகாப்புகளை வழங்கியுள்ளது. ஆயினும், அவற்றுள் பெரும்பாலானவை அதிகாரி ஒருவர் ஐயுறுவதிலிருந்தே செயற்படத் தொடங்குகின்றன. அவ்வையமோ பெரும்பாலும் பேச்சின் வழியே பிறக்கின்றது. ஆகவே, மருத்துவரும் வழக்கறிஞரும் ஆராயும் இப்பொருளில் மொழியாசிரியர்க்கும் பங்குண்டு என்பதைக் கேமரன் மலையின் தானா ராத்தா வட்டாரத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் வகுத்துள்ள வழி

கூட்டரசு அரசியலமைப்பின் 5 ஆம் விதியின்படி, கைதானவர் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவேண்டும். அதன்பின், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117 ஆம் பிரிவின்கீழ், குற்றத்தின் தன்மைக்கேற்ப 7 அல்லது 14 நாள் வரை விசாரணைக்காகத் தடுத்து வைக்கப்படலாம். காவலறைக்குள் வருவோரை மருத்துவ அதிகாரி பரிசோதிக்கவேண்டும் என 1953 ஆம் ஆண்டு காவலறை விதிகள் கூறுகின்றன. உறவினர்க்குத் தகவல் தெரிவிக்கவும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் கைதானவர்க்குள்ள உரிமையை 28அ பிரிவு உறுதிசெய்கின்றது.

குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் தரப்பை எடுத்துரைக்க இயலாத மனநிலையில் உள்ளார் என நீதிமன்றம் ஐயுற்றால், 342 ஆம் பிரிவின்கீழ் அதனை முதலில் விசாரித்தல் வேண்டும். ஒரு மாதம் வரை அவரை மனநல மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கவும் ஆணையிடலாம். குற்றம் நிகழ்ந்தபோது இருந்த மனநிலையை ஆராய்வது தண்டனைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவாகும். இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தைச் சுட்டுவன என்பது கருதத்தக்கது. முன்னது இன்றைய நிலையையும் பின்னது அன்றைய நிலையையும் வினவுகின்றது.

2001 இல் நிறைவேற்றப்பட்டு 2010 இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், மனநோயால் தமக்கோ பிறர்க்கோ தீங்கு விளைவிக்கக்கூடியவரைக் காவல்துறையினர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழிவகுக்கின்றது. தற்கொலைக்கு முயன்றோரைத் தண்டித்த 309 ஆம் பிரிவு 2023 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டதும் இத்திசையில் ஒரு முன்னேற்றமே.

மலையும் மருத்துவமனையும்

தானா ராத்தாவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் அரசு மருத்துவமனையும் உள்ளன. ஆயினும், கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சார்ந்ததாயினும், அதற்கு அண்மையிலுள்ள பெரிய மனநல மருத்துவமனை மலைக்குக் கீழே, பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் அமைந்துள்ளது. 1911 இல் தொடங்கப்பெற்று, இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என வழங்கும் அந்நிறுவனத்தின் பெயரினும் அவ்வூரின் பெயரே நம் மக்களிடையே வேரூன்றியது. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகவேண்டியவன்’ என்பது மலேசியத் தமிழரிடையே வசைமொழியாகவே வழங்கி வந்துள்ளது.

ஓர் ஊர்ப்பெயர் வசையாகும்போது நோயை மறைப்பது குடும்பத்தின் மானப் பிரச்சினையாகிறது. கைதானவர் எம்மருந்தை உட்கொள்கிறார், எப்போது நிறுத்தினார் என்பனவற்றைக் காவல் நிலையத்தில் கூறக்கூடியோர் உறவினரே. அவர்கள் வாய்மூடினால் மருந்து தடைப்படும், நோய் முற்றும், அதன் விளைவான நடத்தை முரட்டுத்தனமாகவோ ஒத்துழையாமையாகவோ கொள்ளப்படும். தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒன்று மருத்துவமனை அட்டையைக் காவல் நிலையத்தில் காட்டுவது சிறு செயலெனினும், பரிசோதனைக்கு அதுவே முதல் ஆதாரமாக அமையலாம்.

பெயர்ப்பில் மறையும் நோய்

நீதிமன்றத்தில் தமிழில் கூறப்படுவது மலாய்மொழியில் பெயர்க்கப்படுகின்றது. ‘போய்ச் சேர்ந்தால் போதும்’ என ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். ‘வீட்டிற்குச் செல்ல விரும்புகிறார்’ எனப் பெயர்த்தால் சொற்பொருள் பிழையன்று போலத் தோன்றும். ஆயின் இறக்க விரும்பும் குறிப்பு முற்றும் மறைந்துவிடும். ‘காதுக்குள்ளே பேசுறாங்க’ என்பது ‘என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்’ என மாறின், பிரமைக்கான அறிகுறி சாதாரண மனக்குறையாகிவிடும். ‘நெஞ்சை அடைக்குது’ என்பதில் உடல்நோயும் மனத்துயரும் ஒருங்கே அடங்கக்கூடும்.

இவற்றினும் நுண்ணியது ‘சரிங்க ஐயா’ என்னும் தொடர். துரைக்கும் கிராணிக்கும் மறுமொழி கூறிப் பழகிய தோட்ட வழக்கில், இஃது ‘நீங்கள் கூறியது கேட்டது’ என்ற பணிவுக் குறிப்பாகவும் அமையும். விசாரணை அதிகாரிக்கோ அஃது ஒப்புதலாகத் தோன்றலாம். அறிவுத்திறன் குன்றியோர், அதிகாரம் உடையோர் கூறுவதற்கெல்லாம் இசைவு தெரிவிக்கும் இயல்பினர் என்பதை உளவியலார் எடுத்துக்காட்டியுள்ளனர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேரும்போது, பொருள் விளங்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடர் மிகுகின்றது.

சட்டக் கலைச்சொல்லும் இவ்வாறே. ‘சித்தசுவாதீனம்’ என்பது மனம் தன்வயத்தில் இருத்தலைக் குறிக்கும். அதனை இழந்தவரைப் ‘பைத்தியம்’ என வழக்குமொழியில் வினவினால், எவரும் ‘இல்லை’ என்றே விடையளிப்பர்.

ஒரு வழக்கு தரும் படிப்பினை

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 இல் சிங்கப்பூரில் போதைப்பொருள் குற்றத்திற்காகக் கைதானார். 2010 இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவரது நுண்ணறிவு ஈவு 69 எனப் பதிவானது 2013 ஆம் ஆண்டிலாகும். மேல்முறையீடுகளில் அவரது மனத்திறன் குறித்து நீண்ட வாதம் நிகழ்ந்தது. நீதிமன்றங்கள் அதனை ஏற்கவில்லை. 27.4.2022 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. தீர்ப்பைப் பற்றிய கருத்து எதுவாயினும், மனத்திறனை அளந்தறியும் பணி காவலறை நாள்களிலேயே தொடங்கவேண்டிய ஒன்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

இங்கிலாந்தில் 1984 ஆம் ஆண்டின் காவல்துறை, குற்றச் சான்றுச் சட்டத்தையொட்டி, மனநலம் குன்றியோரை விசாரிக்கும்போது ‘தகுந்த துணையாள்’ ஒருவர் உடனிருக்கும் முறை ஏற்பட்டது. அவர் வழக்கறிஞரும் அல்லர், காவலரும் அல்லர். வினாவும் விடையும் உரியவாறு புரிந்துகொள்ளப்படுகின்றனவா எனக் கவனிப்பதும், கைதானவர்க்குத் துணைநிற்பதும் அவர்தம் பணியாகும். வயது வந்தோர்க்கு இத்தகைய பொது ஏற்பாடு நம் நாட்டில் இல்லை.

முடிவுரை

தமிழ்த்துறையினர் ஆற்றக்கூடிய பணிகள் மூன்று. மனநோய் அறிகுறிகளைக் குறிக்கும் மலேசியத் தமிழ் வழக்குகளைத் தொகுத்து, மலாய் விளக்கத்துடன் சொற்றொகுதி ஒன்றை ஆக்குதல் முதலாவது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்க்கான பயிற்சியில் இருபொருள் தொடர்களை எதிர்கொள்ளும் முறையைச் சேர்த்தல் இரண்டாவது; ஐயம் தோன்றுமிடத்து மொழிபெயர்ப்பாளர் அதனை நீதிமன்றத்திற்குத் தெரிவிப்பதும் பெயர்ப்பின் கடமையே எனக் கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைச் சார்ந்தது. அரசாங்கக் கடிதத்தைப் படித்துச் சொல்லுமாறு பெற்றோர் நாடி வருவது பலவிடங்களில் ஆசிரியரையே. மருந்து விவரத்தை மறைக்காமல் கூறுமாறும், தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் துணையைக் கோருமாறும் அவர் கூறும் சொல்லுக்குத் தோட்டத்தில் மதிப்புண்டு. அச்சொல் கைதான முதல் நாளிலேயே சென்று சேருமாயின், சட்டம் எதிர்பார்க்கும் ஐயம் உரிய காலத்தில் எழ வழி பிறக்கும்.