சிவப்புக் கல்லை விசாரிப்பது எப்படி?

பிரிட்டன் அரச கிரீடத்தின் முன்பக்கத்தில் பெரிய சிவப்புக் கல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 170 கேரட். 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர். 1367-இல் காஸ்டீல் மன்னர் பெட்ரோவிடமிருந்து இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் கைக்கு வந்தது என்பது அதன் கதை. ஆனால் அது மாணிக்கமே இல்லை, ஸ்பைனல் என்னும் வேறொரு கனிமம். பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே த லீல் 1783-இல்தான் இரண்டையும் முறைப்படி பிரித்துக் காட்டினார். அதற்குமுன் பெரும்பாலோருக்குச் சிவப்பாக, தெளிவாக, கெட்டியாக இருந்த கல்லெல்லாம் மாணிக்கம்தான். இன்று கல் பார்க்கப் பழகும் புதியவரும் அதே இடத்தில்தான் இடறுகிறார். கல்லை எடுத்ததும் நிறத்தைப் பார்க்கிறார். நிறம்தான் கடைசியில் பார்க்க வேண்டியது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. மாணிக்கம் என்பது குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. (ஆங்கிலத்தின் 'கொரண்டம்' என்ற சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.) சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அதில் அலுமினிய அணுக்கள் சிலவற்றின் இடத்தில் குரோமியம் வந்து உட்கார்ந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து உட்கார்ந்தால் நீலக்கல். ஸ்பைனலைச் சிவப்பாக்குவதும் அதே குரோமியம்தான். இன்னும் வேடிக்கை, அதே குரோமியம் பெரில் கனிமத்துக்குள் போனால் பச்சை மரகதம் பிறக்கிறது. ஆக, நிறம் விருந்தாளியின் பெயரைத்தான் சொல்லும், வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லாது.

வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க முதலில் எடையைக் கேட்கலாம். ஐந்து கேரட் என்பது சரியாக 1 கிராம். அந்த எடையுள்ள சிவப்புக் கல்லை மெல்லிய கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். மாணிக்கமானால் 0.25 கிராம் குறையும், ஏனென்றால் அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் நான்கு மடங்கு. ஸ்பைனலானால் 0.28 கிராம், சாதாரணக் கண்ணாடியானால் 0.40 கிராமை ஒட்டிக் குறையும். மில்லிகிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு இருந்தால் வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம். கல்லில் ஒட்டும் காற்றுக்குமிழிகள் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் அவை விலகிவிடும். மாணிக்கத்தைப் பாலில் போட்டால் பாலே சிவக்கும் என்ற பழைய பேச்சைவிட இது எவ்வளவோ மேல். சிவப்புக் கண்ணாடியும் பாலில் சிவப்பாகத்தானே தெரியும்?

எடை மட்டும் போதாது. கார்னெட் என்ற வேறொரு கனிம வகையில் சில சிவப்புக் கற்களின் அடர்த்தி மாணிக்கத்தோடு ஒட்டி வருகிறது. அங்கே ஒளியைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். குருந்தம் தனக்குள் நுழையும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அந்த இரண்டின் சிவப்பும் ஒன்றல்ல. ஒன்று ஊதா கலந்தது, மற்றது ஆரஞ்சு கலந்தது. வெள்ளை விளக்கின் முன் கல்லைப் பிடித்து, போலராய்டு கண்ணாடியின் ஒரு துண்டை அதன்முன் மெதுவாகத் திருப்பினால் சிவப்பின் சாயல் மாறுவது தெரியும். ஸ்பைனல், கார்னெட், கண்ணாடி மூன்றிலும் சாயல் அசையாது. மாணிக்கத்திலும் ஒரு திசையில் மட்டும் இந்த மாற்றம் தெரியாது என்பதால் கல்லைப் பல பக்கமாகத் திருப்பிப் பார்ப்பது அவசியம். இவ்வளவு பாடு எதற்கு, அனுபவமுள்ள வியாபாரி ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறாரே என்று கேட்கலாம். சொல்கிறார்தான். ஆயிரக்கணக்கான கற்களைப் புரட்டிய கண் பளபளப்பையும் பட்டைகளின் கூர்மையையும் தன்னையறியாமலே அளந்துகொள்கிறது. புதியவரிடம் அந்தச் சேமிப்பு இல்லை. மேலும், கல் மண்ணில் வளர்ந்ததா, மனிதர் வளர்த்ததா என்ற அடுத்த கேள்வியில் அந்தக் கண்ணும் லென்ஸைத் தேடும்.

1902-இல் ஓகுஸ்த் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அலுமினாப் பொடியை ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடரின் வழியே தூவி, சில மணி நேரத்தில் மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். பழைய கைக்கடிகாரங்களில் '17 ஜுவல்ஸ்' என்று அச்சிட்டிருந்ததே, அந்தக் கற்கள் பெரும்பாலும் இப்படிச் செய்த குருந்தம்தான். இது போலி அல்ல. அதே பொருள், அதே அடர்த்தி, அதே இரட்டை ஒளி. கல்லைக் கீறிப் பார்க்கும் சோதனையும் இங்கே தோற்கும், கடினமும் ஒன்றே என்பதால். மிஞ்சுவது கல்லின் உள்ளே இருக்கும் குறைகள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், சுடரில் வளர்ந்த கல்லுக்குள் சில சமயம் இசைத்தட்டின் கோடுகள்போல் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரியும். உருகிய நுனி குவிந்திருந்ததால் ஒவ்வொரு அடுக்கும் வளைவாகவே படிந்தது. மண்ணுக்குள் வளர்ந்த படிகம் தட்டையான முகங்களாக வளர்ந்தது. அதன் கோடுகள் நேராக ஓடி, கோணத்தில் சந்திக்கும். கூடவே பட்டு இழை போன்ற மெல்லிய ஊசிகளும் இருக்கலாம்; ரூட்டைல் என்ற கனிமம் அது.

இங்கேதான் மதிப்பிடுவதும் அடையாளம் காண்பதும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைப் பேசும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, சில கற்களுக்கு ஆகாத குற்றங்களைக் கணக்காகச் சொல்கிறது. வியாபாரத்துக்கு அது சரியான கணக்கு; குற்றம் கூடினால் விலை இறங்கும். ஆனால் எந்தக் குற்றமும் இல்லாத பெரிய சிவப்புக் கல் புதியவரின் கையில் மலிவாகக் கிடைத்தால், அவர் மகிழ்வதற்குமுன் சந்தேகப்பட வேண்டும். இயற்கைக் கல்லையும் நிறமும் தெளிவும் கூட்டச் சூளையில் சுடுவது வழக்கம். இலங்கையில் 'கெவுடா' என்று ஒதுக்கப்பட்ட பால் நிறக் குருந்தத்தை 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிப்போய், 1,500 டிகிரிக்கு மேல் சுட்டு, நீலக்கல்லாக விற்றார்கள். வெப்பத்தில் ஊசிகள் கரைந்து, அவற்றிலிருந்த டைட்டானியம் படிகத்துக்குள் பரவி இரும்போடு சேர்ந்தது. சுட்ட கல்லும் உண்மையான கல்தான். சொல்லி விற்றால் குறையில்லை. ஆனால் சுடாத நல்ல கல்லுக்கு விலை அதிகம். அதற்குச் சாட்சி உடையாமல் நிற்கும் அந்த ஊசிகள். முற்றிலும் குறையில்லாத கல்லென்றால் லென்ஸை வைத்துவிட்டு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் புதியவரை ஏமாற்றுவது ஈயக் கண்ணாடி ஊற்றி விரிசல் மறைத்த மாணிக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் தெளிவான, ஜொலிக்கும் கல். லென்ஸின் கீழே மெல்லச் சாய்த்தால் விரிசல் ஓடும் வழியில் நீலப் பளிச்சிடல் ஒன்று வந்து போகும். ஆசாரியின் ஊதுகுழல் சுடரில் அந்த நிரப்பு உருகி வெளியே வரும். விரலில் போட்டபடியே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தால்கூட, நாளடைவில் கண்ணாடி அரிபட்டு, விரிசல்கள் வெள்ளைக் கீற்றுகளாக மேலே வந்துவிடும்.