கடவுள் இல்லாத ஆலயம் நிலைக்குமா?



"நாத்திகமும் ஒரு மதம்தானே!" என்று நம்மில் சிலர் வாதத்துக்காகச் சொல்வதுண்டு. நாத்திகர்கள் இதை ஏற்பதில்லை. கடவுள் இல்லை என்பதையும் மதம் என்றால், பட்டினி கிடப்பதையும் ஒருவகை விருந்து என்று சொல்லலாமே என்பார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. 'இல்லை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு யாரும் திருவிழா கொண்டாட முடியாது.

ஆனால், கடவுளை மறுக்கும் மனிதருக்கும் குழந்தை பிறக்கிறது. அவர்கள் வீட்டிலும் திருமணம் நடக்கிறது, சாவு விழுகிறது. அந்த வேளைகளில் கூடி நிற்க நாலு பேரும், சொல்வதற்கு நல்ல வார்த்தையும் அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. நம் தமிழ் மண்ணில் தந்தை பெரியார் பரப்பிய சுயமரியாதைத் திருமணம் அத்தகைய ஒரு தேவைக்குக் கிடைத்த பதில்தான். புரோகிதரும் சடங்கும் இல்லாத அந்தத் திருமணத்துக்கு 1967-ல் தமிழகச் சட்டமன்றம் சட்ட வடிவம் தந்தது. ஆனாலும் பெரியார் இயக்கம் தன்னை ஒரு மதம் என்று அழைத்துக்கொள்ளவில்லை. வேறு சில நாடுகளிலோ, கடவுள் இல்லாமல் ஒரு மதத்தையே அமைத்துவிடலாம் என்று முயன்றவர்கள் உண்டு. அந்த முயற்சிகள் என்னவாயின என்பதை இன்று சிந்திப்போம்.

முதல் முயற்சி பிரெஞ்சுப் புரட்சியின்போது நடந்தது. 1793-ஆம் ஆண்டு நவம்பர் 10 அன்று, பாரிஸ் நகரின் நோத்ர் தாம் பேராலயத்தில் 'பகுத்தறிவுத் திருவிழா' கொண்டாடினார்கள். பகுத்தறிவின் அடையாளமாக ஒரு பெண்ணை அலங்கரித்து அமர வைத்தார்கள். ஓராண்டுகூட அது நிலைக்கவில்லை. புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரே நாத்திகத்தை எதிர்த்து, 1794 ஜூன் மாதம் 'உன்னத இறைவன்' பெயரில் வேறொரு விழாவை நடத்தினார். அடுத்த மாதமே அவருடைய தலையும் கில்லட்டினில் விழுந்தது. 1802-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று, அதே பேராலயத்தில் ஆடம்பரத் திருப்பலி நடந்தது.

இரண்டாவது முயற்சி இதைவிட ஆழமானது. ஒகுஸ்த் கோம்த் என்ற பிரெஞ்சு மெய்யியலார் 1798-ல் மோன்பெலியே நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதிலேயே நம்பிக்கையைக் கைவிட்டார். நாத்திகர் என்ற பெயரை அவர் விரும்பாவிட்டாலும், அவர் உருவாக்கிய 'மனிதகுல மதத்தில்' கடவுளுக்கு இடமில்லை. கடவுள் இருந்த இடத்தில் மனிதகுலத்தை வைத்து, அதற்கு 'மாபெரும் இருப்பு' என்று பெயரிட்டார்.

அவர் அமைத்ததைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். நமக்குத் திருவருட்சாதனங்கள் ஏழு. அவர் ஒன்பது வைத்தார். நமக்குப் புனிதர்களின் நாள்காட்டி உண்டு. அவரும் 13 மாதங்கள் கொண்ட ஒரு நாள்காட்டியை 1849-ல் வெளியிட்டு, மாதங்களுக்கு மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில், தூய பவுல், தாந்தே, ஷேக்ஸ்பியர் என்று பெரியோர்களின் பெயர்களைச் சூட்டினார். 1852-ல் ஒரு மறைக்கல்வி நூலும் எழுதினார். குழந்தையைக் கையில் ஏந்திய ஒரு பெண்ணே அவருடைய மதத்தின் திருவுருவம். தலைமைக் குரு? அவரேதான்! கிறிஸ்துவை நீக்கிவிட்ட கத்தோலிக்கம் இது என்று ஆங்கிலேய அறிவியலார் ஹக்ஸ்லி கேலி செய்தார்.

1860-க்குள் நோத்ர் தாம் பேராலயத்திலேயே தம் மதத்தைப் போதிக்கப்போவதாக கோம்த் நம்பினார். 1857-ல் இறந்துபோனார். அவருடைய சீடர்கள் பிரேசில் நாட்டில் செல்வாக்குப் பெற்றார்கள். அந்நாட்டுக் கொடியில் 1889 முதல் இருக்கும் 'ஒழுங்கும் முன்னேற்றமும்' என்ற சொற்கள் கோம்த்தின் சிந்தனையிலிருந்து வந்தவை. ரியோ டி ஜெனிரோ நகரில் மனிதகுலத்துக்கென்று ஓர் ஆலயமும் எழுப்பினார்கள். கொடி இன்றும் பறக்கிறது. ஆனால், அந்த ஆலயத்தை நாடிச் செல்வோர் மிகச் சிலரே.

மூன்றாவது முயற்சி சோவியத் ரஷ்யாவில், அரசின் துணையோடு நடந்தது. 1925-ல் தொடங்கிய 'போர்க்குண நாத்திகர் கழகம்' 1947-ல் கலைக்கப்பட்டது. திருமுழுக்குக்கு மாற்றாகச் சிவப்புப் பெயர்சூட்டு விழாக்கள் நடத்தினார்கள். லெனின்கிராடின் கசான் பேராலயத்தை மத வரலாறு மற்றும் நாத்திக அருங்காட்சியகமாக மாற்றினார்கள். எண்ணற்ற குருக்களும் பொதுநிலையினரும் சிறையிலும் முகாம்களிலும் மடிந்தார்கள். இன்று அதே பேராலயத்தில் வழிபாடு நடக்கிறது.

அண்மைக்கால முயற்சி ஒன்று, இதற்கு நேர்மாறாக, யாரையும் வற்புறுத்தாதது. 2013 ஜனவரியில் சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவான்ஸ் என்ற இரு நகைச்சுவைக் கலைஞர்கள் லண்டனில் 'ஞாயிறு கூட்டம்' ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்டு, ஓர் உரை, சற்று நேர மௌனம், பிறகு தேநீரும் பேச்சும். கடவுளைப் பற்றி மட்டும் பேச்சில்லை. தனிமையில் வாடிய பலர் அங்கே நண்பர்களைக் கண்டார்கள். அது நல்லதுதான். பல நாடுகளுக்கும் அது வேகமாகப் பரவியது. பல இடங்களில் அதே வேகத்தில் தேய்ந்தும் போனது.

அப்படியானால், நாத்திகம் ஓர் அமைப்புள்ள மதமாக முடியுமா? அமைப்பாக முடியும். குரு, நாள்காட்டி, சடங்கு, கூட்டம் எல்லாவற்றையும் உருவாக்க முடியும் என்பதை வரலாறு காட்டுகிறது. அவை நிலைக்கவில்லை என்பதை வைத்து மட்டும் நாம் வெற்றி கொண்டாடவும் கூடாது. கிறிஸ்தவ சபைகளிலும் தேய்ந்து மறைந்தவை உண்டு. நிலைப்பதெல்லாம் உண்மையும் அல்ல. வேறுபாடு இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

கோம்த்தின் ஒன்பதாவது சாதனத்தைப் பாருங்கள். ஒருவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆனபின், அவருடைய வாழ்வைக் குருக்கள் ஆராய்வார்கள். தகுதியுள்ளவர் என்று தீர்ப்பானால், அவருடைய எஞ்சிய உடலைப் புனிதத் தோப்புக்கு மாற்றி, மனிதகுலத்தின் நினைவில் சேர்ப்பார்கள். அவருடைய மதத்தில் நிலைவாழ்வு என்பது அவ்வளவுதான்: மனிதர் நம்மை நினைத்திருப்பது.

யாருமே நினைக்காதவர் என்ன ஆவார்? பிறந்த அன்றே இறந்த குழந்தை, பெயர் தெரியாமல் புதைக்கப்பட்ட அகதி, பிள்ளைகளால் கைவிடப்பட்ட தாய், எதையும் சாதிக்காமல் உழைத்தே தேய்ந்த கூலித் தொழிலாளி, இவர்களுக்கு அந்தத் தோப்பில் இடம் எங்கே? நாமோ, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில், யாரும் நினையாத ஆன்மாக்களுக்காகவும் மன்றாடுகிறோம். நாம் அவர்களை அறியோம். அவர்களைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதால்தான் அந்த மன்றாட்டுக்குப் பொருள் இருக்கிறது. சடங்கை யாரும் நகல் எடுக்கலாம். அந்தச் சடங்கு யாரை நோக்கி நிற்கிறதோ அவரை நகல் எடுக்க முடியாது.

இதை நாத்திகருக்கு எதிரான ஆயுதமாக எடுத்துக்கொண்டால் நாம் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில் நாத்திகத்தைப் பற்றிப் பேசியபோது, நம்பிக்கை கொண்டோரின் குறையுள்ள வாழ்வும் இறைவனின் முகத்தை மறைத்துவிடக்கூடும் என்று நம்மையும் எச்சரித்தது. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், 2011 அக்டோபர் 27 அன்று அசிசியில் கூடிய சமயத் தலைவர்களோடு, சமய நம்பிக்கை இல்லாதவர்களையும் அழைத்து அமரச் செய்தார். உண்மையைத் தேடும் அவர்களுடைய கேள்விகள், நம்பிக்கை கொண்டோர் தங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ள உதவும் என்றே அவர் கருதினார்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, கடவுள் இல்லாத மதம் பாரிஸிலும் ரஷ்யாவிலும் மட்டுமா இருந்தது? நம் பங்கிலும் கொடியேற்றம் இருக்கிறது, தேர்ப்பவனி இருக்கிறது, அசன விருந்து இருக்கிறது, வரிக்கணக்கு இருக்கிறது, யார் முன்னால் நிற்பது என்ற சண்டையும் இருக்கிறது. இவற்றுள் எத்தனை, கடவுளை நீக்கிவிட்டாலும் அப்படியே நடக்கும்? இந்தக் கேள்விக்கு நாம் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நம் வீட்டு இளைஞர் ஒருவர் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொன்னால், உடனே கோபப்படாமல், எதைக் கண்டு அப்படிச் சொல்கிறார் என்று பொறுமையோடு கேட்போம். ஒருவேளை அவர் தேடிய இறைவனை நாம்தான் நம் கூட்டத்துக்குள் மறைத்து வைத்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் முழந்தாளிடும்போது, யார் முன் முழந்தாளிடுகிறோம் என்று ஒரு நிமிடம் நினைப்போம். மறக்கப்பட்ட எவரையும் மறவாத இறைவன் நம்மையும் நம்பாதோரையும் தம் அன்பில் காப்பாராக. ஆமென்.