பத்தாம் நாள் முளைக்கும் பயம்

2021 டிசம்பர் 8 மதியம், வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை அந்த விபத்து பலிகொண்டது. முதலில் ஓடி வந்தவர்கள் அந்தச் சிற்றூர் மக்கள்தான். தண்ணீர்க் குடத்தையும் வீட்டுப் போர்வையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாளில் ராணுவமே நேரில் வந்து அவர்களுக்கு நன்றி சொன்னது.

இப்படி ஒரு கோரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் பலர் அன்றைக்குக் கல்லு மாதிரி நிற்பார்கள். ஆக வேண்டியதைச் செய்வார்கள், சாப்பிடுவார்கள், தூங்கவும் செய்வார்கள். ஒரு வாரம், பத்து நாள் போன பிறகுதான் சிலருக்குத் தூக்கம் கெடும்; சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். “அப்பவே ஒண்ணும் ஆகல, இப்ப என்ன வந்துச்சு?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆய்வு செய்த சுமந்திர சட்டர்ஜி.

மூளையின் அடிப்பகுதியில், காதுக்கு நேர் உள்ளே, பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா இருக்கிறது. பயத்தைப் பதிவு செய்வது அதன் வேலை. அதையொட்டி இருக்கும் ஹிப்போகேம்பஸ், எது எங்கே எப்போது நடந்தது என்ற நினைவைக் காக்கிறது. தொடர்ந்த மன அழுத்தம் ஹிப்போகேம்பஸின் நரம்புக் கிளைகளைச் சுருக்குகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. அமிக்டலாவும் அப்படியே சுருங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2002-இல் சட்டர்ஜி குழு வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. எலிகளை அசைய முடியாதபடி தினமும் 2 மணி நேரம், 10 நாள் கட்டிவைத்தார்கள். பிறகு மூளைத் திசுவுக்குக் கோல்கி சாயம் ஏற்றினார்கள். 1873-இல் இத்தாலியின் கமிலோ கோல்கி கண்டுபிடித்த முறை அது: பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட்டில் போட வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு செல்கள் மட்டுமே சாயத்தைப் பிடிக்கும். ஏன் அவை மட்டும் என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் பிடித்த செல், மஞ்சள் பின்னணியில் கருகருவென்று கிளையும் கொப்புமாக முழு உருவத்தில் தெரியும். அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கோடு இழுத்து அளப்பார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அளந்தபோது ஹிப்போகேம்பஸ் செல்கள் கவாத்து செய்த தேயிலைச் செடி போலக் குட்டையாகிக் கிடந்தன. அமிக்டலா செல்களோ கிளை விட்டுத் தழைத்திருந்தன! 2004-இல் வந்த அடுத்த ஆய்வில், 21 நாள் எலிகளை நிம்மதியாக விட்டுப் பார்த்தும் அமிக்டலாவின் கூடுதல் கிளைகள் குறையவில்லை, பதற்றமும் போகவில்லை.

என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது 2005-இல் வெளியான சோதனை. இம்முறை ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் மட்டும் கட்டிவைத்தார்கள். மறுநாள் பார்த்தால் அமிக்டலாவில் ஒரு மாற்றமும் இல்லை. 10-ஆம் நாள் பார்த்தால், கிளைகளின் நீளம் அப்படியே இருக்க, அவற்றின் மேல் நுண்ணிய முட்கள் பெருகியிருந்தன. ஒரு நரம்பு செல் அடுத்த செல்லோடு பேசும் இடம் அந்த முட்கள்தான். அதாவது, அதிர்ச்சி முடிந்து போன பிறகு பயத்தின் இணைப்புகள் கூடியிருக்கின்றன. எலிகளின் நடத்தையும் ஒத்துப்போனது. கூட்டல் குறி வடிவ மேடையில் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. 10-ஆம் நாள் அந்த எலிகள் திறந்த கைகளில் காலெடுத்து வைக்கவே தயங்கின.

இன்னொரு திருப்பம் 2012-இல் வந்தது. அழுத்தத்துக்கு முன்பே எலிகளுக்கு அழுத்த ஹார்மோனையே கொடுத்தபோது, 10-ஆம் நாள் மாற்றங்கள் வராமல் தடுக்கப்பட்டன. வில்லன் என்று நாம் திட்டும் ஹார்மோன் காவலுக்கும் நிற்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஸ்டீராய்டு வாங்கப் போக வேண்டாம்.)

எலியின் மூளை மனித மூளை அல்ல. 10 நாள் என்ற கணக்கு நமக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் தாமதமாக வரும் பயம் நடிப்போ பலவீனமோ இல்லை, மூளைக்குள் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய மாற்றம் அதற்குப் பின்னால் இருக்க முடியும் என்பதை இந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அவசர உதவி என்ற பெயரில் முதல் இரண்டு நாளோடு நாம் ஒதுங்கிக்கொள்வது தப்பு என்பேன்.

மழைக்காலத்தில் மண்சரிவைப் பார்த்தவர், விபத்தில் தப்பியவர், எல்லையிலிருந்து வெலிங்டன் திரும்பிய சிப்பாய் என்று உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், நலம் விசாரித்ததோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போய்ப் பாருங்கள். தூக்கம் எப்படி என்று கேளுங்கள். சரியில்லை என்றால், 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசமாக, 24 மணி நேரமும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.