இருபத்தொரு வயது விழா: சாவி யாருக்கு, செலவு யாருக்கு?

நம்ம தோட்டத்து லயங்களில் இருபத்தொராவது பிறந்த நாள் இப்போது பெரிய விசேஷமாகிவிட்டது. கூடாரம், பாட்டுப் பெட்டி, டவுன் பேக்கரியில் சொல்லிச் செய்த சாவி கேக், தங்கத் தாள் ஒட்டிய பெரிய சாவி என்று கலியாண வீடு மாதிரியே நடக்கிறது. நம்ம பெரியவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே சரியாகத் தெரியாது. "பெரிய மழை அடிச்ச வருஷம்" என்பார்கள், அவ்வளவுதான். அப்படியிருக்க இந்த 21உம் சாவியும் எங்கேயிருந்து வந்தன?

இது வெள்ளைக்காரர் வழக்கம். அவர்கள் நாட்டில் முன்பு 21 வயதில்தான் ஒருவர் சட்டப்படி பராயமடைந்தவர் ஆனார். வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது, "இனி நீ உன் விருப்பப்படி வந்து போகலாம்" என்பதற்கு அடையாளம். இலங்கையிலும் 1865ஆம் ஆண்டுச் சட்டம் 21 என்றே வைத்திருந்தது. 1989இல் அது 18 ஆக்கப்பட்டது. இங்கிலாந்திலேயே 1970 முதல் 18தான். வாக்குரிமை நம் நாட்டில் 1959இலேயே 18 வயதுக்கு வந்துவிட்டது. ஆகவே 21இல் பிள்ளைக்குப் புதிதாகக் கிடைக்கும் உரிமை பெரிதாக ஒன்றுமில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சாராயமும் சிகரெட்டும் விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விழாவுக்கு வருகிற கூட்டாளிமாருக்கு இந்த ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்!

அதற்காக, விழா வைக்கிற குடும்பத்தை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. "பொம்பளப் பிள்ளைக்குச் சடங்கு செஞ்சோம், பையனுக்கு என்னா செஞ்சோம்?" என்று தாய்மார் கேட்பதில் நியாயம் உண்டு. மொய்க் கணக்கும் இருக்கிறது. பத்து வருஷமாக ஊரெல்லாம் எழுதிய மொய் திரும்பி வர ஒரு விசேஷம் வேண்டும். ஆனால் புதிதாக வருகிற மொய் லாபம் இல்லை, அதுவும் ஒரு கடன்தான். அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி எழுதியே ஆக வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 108 ரூபா போனால் கையில் 1242 ரூபா. ஒரு லட்சம் ரூபாவில் விழா வைத்தால் அது 80 நாள் பெரட்டுக்குப் போன காசு. பாதியை, அதாவது 50,000 ரூபாவை, அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2500 ரூபா வட்டி. இரண்டு நாள் கொழுந்து அந்த வட்டிக்கே சரி, முதல் அப்படியே நிற்கும். தீபாவளி முற்பணம் வேறு மாதாமாதம் வெட்டுப்படுகிறது. தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்தவர்கள் அதை எப்போது மீட்பார்களோ!

ஆகவே பிறந்த நாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்னாடியே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். பல வீட்டில் இதைத்தான் செய்வதில்லை. "பெருசா வேணாம்மா, அந்தக் காசுல ஒரு தையல் மெசின் வாங்கித் தாங்க" என்று பிள்ளை சொல்லலாம். "கூட்டாளிமார் வீட்டுல எல்லாம் போய்ச் சாப்பிட்டேன், நான் கூப்பிடாட்டி மானம் போயிரும்" என்றும் சொல்லலாம். அதையும் தட்டிக்கழிக்க வேண்டாம். கொழும்பில் கடையிலோ கார்மெண்டிலோ வேலை செய்கிற பிள்ளையானால், "நீ எவ்வளவு போடுவாய்?" என்று நேராகவே கேட்கலாம். சாவி வாங்குகிற வயதுதானே!

கையில் இருக்கும் காசுக்கு ஏற்றபடி ஆட்களைக் கணக்குப் பண்ணுங்கள். ஆட்களைக் கூப்பிட்டுவிட்டுக் காசு தேடினால்தான் வட்டிக்காரர் வாசலுக்கு வருவார். காலையில் கோயிலில் அர்ச்சனை, பின்னேரம் சொந்த லயத்தாருக்கு வடை, கேசரி, ஒரு சின்னக் கேக், தேத்தண்ணி என்றால் கூடாரமே தேவையில்லை. சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பெரட்டும் கெடாது. போயா நாளில் வைத்தால் சாராயக் கடை பூட்டியிருக்கும் (முதல் நாளே வாங்கி ஒளித்து வைக்கிற சித்தப்பாமாரை மட்டும் கவனித்துக் கொள்ளுங்கள்).

மொய் வேண்டாம் என்று அழைப்பில் போட நினைக்கிற தம்பி தங்கச்சிமார் முதலில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மொய் நோட்டு அவர் கையில்தான் இருக்கிறது.